லிட்டருக்கு இருபத்திரண்டு

பழைய சின்னக் கார்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் அவருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், அவர் காரின் மைலேஜைச் சொல்வார்.

"லிட்டருக்கு இருபத்திரண்டு. இன்னிக்கும்."

எங்கள் மாடிவீட்டுக்காரர் அந்த இனத்தில் அசல். அவர் காருக்குப் பதினெட்டு வயது. பின்கதவு உள்ளிருந்து திறக்காது, ஆகவே கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத் திறக்க வேண்டும், கண்ணாடி தானாக இறங்காது, ஆகவே உள்ளங்கையால் அழுத்தித் தள்ள வேண்டும், ஏசி ஓடினால் மேடு ஏறாது, ஆகவே மேம்பாலம் கண்ணில் பட்டதுமே முன்சீட்டில் இருக்கும் மனைவி, யாரும் சொல்லாமலே அதை அணைத்துவிட வேண்டும். இதெல்லாம் பழுது இல்லையா? இல்லையாம். பழக்கமாம். "வித்துடுங்க சார்" என்று சொன்ன மெக்கானிக்குகள் இதுவரை மூன்று பேர். மூவரையும் மாற்றிவிட்டார்.

போன மாதம் அவர் மகளுக்கு நேர்காணல். இரண்டு வருடமாக அவள் ஆசைப்பட்ட கம்பெனி. வாடகைக் காரில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அப்பாவின் முகம் தொங்கியதைப் பார்த்து, ஒன்பதரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வழியில் வங்கியில் இறங்கலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

மேம்பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்னால் கார் நின்றது. மணி ஒன்பது இருபது.

அவர் பானட்டைத் திறந்தார், பேட்டரி முனையை ஸ்பேனரால் தட்டினார், துடைத்தார், ஊதினார், மறுபடி தட்டினார். பின்னால் ஹாரன்கள் கத்தின. ஒன்பதரையும் ஆனது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எனக்கே பாவமாகிவிட்டது. பதினெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அப்போது வந்தது.

"வேற வண்டி பிடிச்சுப் போயிடும்மா."

"நேரம் இருக்குப்பா. நீங்க நிதானமா பாருங்க" என்றாள் மகள்.

ஏழாவது தட்டில் கார் உயிர்பெற்றது. வங்கியை நான் மறந்துவிட்டேன். தள்ள ஆள் வேண்டுமே. கம்பெனி வாசலில் காவலாளி அவளுடைய கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"பத்தரைக்குத்தானே போட்டிருக்கு? சீக்கிரமாவே வந்துட்டீங்க."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். ரயிலோ, கல்யாணமோ, டாக்டரோ, அந்த வீட்டில் எதற்கும் அவரிடம் ஒரு மணி நேரம் முன்னதாகத்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. வருடக்கணக்காக அவருக்கு மட்டும் தெரியாது.

அவர் பானட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நேரத்தைத் தப்பாப் படிச்சாலும், இது சரியாக் கொண்டுவந்து சேர்த்துருச்சு, பாத்தியா?"

அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தப் பெருமையும் காருக்கே போனது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம் கார் இல்லாமலும் இருக்கலாம். எதற்கும் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பும் முன், வீட்டில் உங்களிடம் சொன்ன நேரத்தையும் பத்திரிகையில் அச்சடித்த நேரத்தையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.