ஞாயிற்றுக்கிழமை பத்து மணி டெஸ்டு

ஒரு தடவைகூட நெருப்புப் பிடிக்காத ஒரு காம்பவுண்டை, நெருப்பிலிருந்து இவ்வளவு மும்முரமாகக் காப்பாற்றிய மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். திண்டிவனத்தில் நாங்கள் ஐந்து குடித்தனம் இருந்த காம்பவுண்டில் அவருக்கு 'டெஸ்டு பாய்' என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்.

குவைத்தில் பெரிய கட்டடங்களில் அலாரம் மாட்டும் வேலை பார்த்தவர். அங்கிருந்து திரும்புகிறவர்கள் சென்ட் பாட்டிலும் கம்பளியும் கொண்டுவருவார்கள். பாய் ஓர் அட்டைப்பெட்டி நிறைய அலாரம் கொண்டுவந்தார். மனைவி தவறிவிட்டார், ஒரே மகள் கோட்டக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கடைசிப் போர்ஷனில் தனியாகக் குடிவந்த மறுநாளே ஏணியோடு எங்கள் வாசலில் நின்றார்.

"தம்பி, ஒயர் இழுத்து அஞ்சு வூட்டயும் ஒண்ணா சேத்துடுறேன். உங்க வூட்ல புகைஞ்சா என் வூட்லயும் கத்தும்."

"எங்க வீட்ல புகைஞ்சா உங்க வீட்ல எதுக்கு பாய் கத்தணும்?"

"நீங்க தூங்கிக்கினு இருந்தீங்கன்னா?"

நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

பாய் செய்த ஒரே தப்பு, புகைக்குக் கத்தும் அலாரத்தைச் சமையலறைகளில் மாட்டியது. குவைத் கட்டடங்களில் யாரும் மோர்மிளகாய் வறுத்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. முதல் நாள் காலை என் மனைவி மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்தாள். ஐந்து வீடும் சேர்ந்து அலறியது. எந்த வீட்டில் புகை என்று அலாரம் சொல்லாது. அதனால் எல்லோரும் எல்லா வீட்டுக்குள்ளும் ஓடிப் பார்த்தோம்.

இது தினசரி வழக்கமானது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது ஊருக்கே தெரிந்தது. இஸ்திரி போடும் ஏழுமலை, புரட்டாசி மாதம் முழுக்கச் சுத்த சைவம் என்று நாமம் போட்டுக்கொண்டு திரிந்தவர், கருவாட்டுச் சட்டியும் கையுமாகப் பிடிபட்டார்.

"பாய், உன்னால எனக்கு சாமி குத்தம் வந்ததோ இல்லியோ, மானம் பூட்ச்சு!" என்று கத்தினார்.

பேட்டரி தீர்ந்தால் அலாரம் நிமிஷத்துக்கொரு முறை கீச்சென்று கத்தும். ஏழுமலை மூன்று நாள் அதைப் பல்லி என்று நம்பி, பஞ்சாங்கத்தில் பலன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஏழுமலை ஒரு மழை நாளில், கரிப்பெட்டியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு துணி தேய்த்தார். பாய்க்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். கதவை உதைத்துத் திறந்தார்.

"புகைன்னா கண்ணு எரியும், முழிச்சுக்குவோம். கரி வுடுற காத்துக்கு நெடியே கெடையாதுய்யா, தூக்கத்துலயே கொண்டுபூடும்!" என்று கத்தியவர், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "குவைத்துல எங்கூட இருந்தவன், குளிருக்குக் கரியடுப்ப உள்ள வெச்சுக்கினு படுத்தான். அடுத்த ரூம்ல நான். எனக்கு ஒண்ணுமே கேக்கல."

அதற்குப் பிறகு அலாரத்தைக் கழற்றச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெட்டியில் அந்தக் காற்றுக்கென்று இருந்த ஒரே அலாரம் ஏழுமலை வீட்டுக்குப் போனது.

பாய் குவைத்தில் இருந்த தங்கை மகனுக்குக் கடிதம் எழுதி, சூட்டுக்கு மட்டும் கத்துகிற அலாரங்களை வரவழைத்தார். அவை எங்கள் நாலு சமையலறைக்கும் போயின. புகை அலாரங்கள் கூடத்துக்கு நகர்ந்தன. பாய் இருந்தது ஒற்றை அறை என்பதால் அங்கே புகை அலாரம் மட்டும் நின்றது. அன்று முதல் என்ன தாளித்தாலும் சத்தமில்லை. யாரும் யார் வீட்டுக்கும் ஓடவில்லை. ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரம் வீடு வெறிச்சென்று இருந்தது.

"எல்லாரும் ஊருக்குப் போயிட்ட மாதிரி இருக்குங்க" என்றார் அடுத்த வீட்டு பிலோமினா டீச்சர்.

பாய்க்கும் இருப்புக் கொள்ளவில்லை. அப்போதுதான் டெஸ்டு பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி, டீச்சர் பூசை முடிந்து திரும்பும் நேரம், பாய் தன் அலாரத்தின் பொத்தானை அழுத்துவார். சரியாக மூன்று முறை கத்தும். ஒவ்வொரு வீடும் "கேட்டுச்சு பாய்!" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத வீட்டுக்கு நேரிலேயே வந்துவிடுவார். நான் வேண்டுமென்றே வாய் திறக்காமல் இருந்து, அவரை வரவழைத்து டீ கொடுத்த ஞாயிறுகள் உண்டு.

சில வருடம் கழித்து ஒரு ஞாயிறு, அதே பத்து மணிக்கு அலறியது. நாலு வீடும் "கேட்டுச்சு பாய்!" என்று கத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். நான் பேப்பரைப் புரட்டினேன்.

என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "மூணுதானே அடிப்பாரு? எண்ணிக்கினே இருக்கேன், நிக்கலியேங்க."

ஓடினோம். பாய் அடுப்புக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தார். பால் சட்டி கருகி அறை முழுக்கப் புகை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கியிருந்தார். ஏழுமலை அவரைத் தோளில் போட்டு ஆட்டோவில் ஏற்றினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அந்தப் பேப்பரைப் புரட்டிய நிமிஷத்துக்காக இன்றும் எனக்கு வெட்கம்.

சாயங்காலம் பாய் கண் திறந்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். "டீச்சரம்மா, உங்க வூட்ல அடிச்சுச்சா?"

"அடிச்சுது பாய்" என்றார் டீச்சர், அழுதுகொண்டே.

"அப்ப ஒயரு நல்லாத்தான் இருக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் வந்து கோட்டக்குப்பத்துக்குக் கூட்டிப்போனாள். போகும்போது பொத்தானை அழுத்தும் பொறுப்பை என்னிடம் விட்டுப்போனார். ஞாயிறு பத்தேகாலுக்குப் போன் வரும்.

"தம்பி, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு பாய்."

அவ்வளவுதான் பேச்சு. காம்பவுண்டை இடித்துவிட்டார்கள்; நான் விழுப்புரத்தில் ஃபிளாட்டுக்கு வந்த பிறகும் அந்தப் போன் வந்தது. ஒரு ஞாயிறு பத்தேகாலுக்கு வரவில்லை. பத்தரைக்கு மகள்தான் பேசினாள்.

ஃபிளாட்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. காம்பவுண்டிலிருந்து கழற்றிவந்து மாட்டிய என் அலாரத்தோடு சேர்ந்து கத்த இன்னொரு வீடு இல்லை. ஆனாலும் ஞாயிறு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிப் பொத்தானை அழுத்துகிறேன். மூன்று முறை கத்துகிறது. இறங்கி, கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்:

"கேட்டுச்சு பாய்."