புறவாசல் மண்ணை வறுத்த விபரம்

இலஞ்சி,
ஆனி மாதக் கடைசி வெள்ளி.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தேவா அவர்களுக்கு மாமனார் நம்பிராஜன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை உலகம்மையும் தேக சுகத்தோடு இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நடப்பதைப் பார்த்தால் அதை உறுதியாகச் சொல்லத் தைரியமில்லை. ஒடிசாவில் நஞ்சேறிய மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையிடத்தில் தாங்கள் நலமென நம்புகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்வாதியைப் பிரசவத்துக்கு இப்போது இங்கே அனுப்ப வேண்டாம். ஓசூரிலேயே உங்கள் தாயாரின் பார்வையில் இருக்கட்டும். பெண்ணைப் பெற்றவன் தலைப்பிரசவத்துக்கு வராதே என்று எழுதுவது எவ்வளவு பெரிய குறை என்பது எனக்குத் தெரியும். காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் பொறுத்துக்கொள்ளவும்.

நம் புறவாசலில் முன்பு பூச்சிமருந்துக் கடைக்காரரின் சரக்குக் கிட்டங்கி இருந்ததையும், என்றோ தடை செய்த வெள்ளைத் தூள் அங்கே சிந்திக் கிடந்ததையும் நான் சொன்னபோது, அந்த நஞ்சு வெயிலுக்கும் மழைக்கும் அழியாது, மண்ணை நானூறு டிகிரிக்குச் சூடாக்கினால்தான் ஆவியாகப் பிரியும், அந்த ஆவியையும் வெளியே விடாமல் கரியில் பிடிக்க வேண்டும் என்று விளக்கினீர்கள். "மாமா, நீங்க ஒண்ணையும் தொட்டுராதீங்க, நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்றும் சொன்னீர்கள். கேட்டிருக்க வேண்டும். பேரப்பிள்ளை தவழப்போகும் மண்ணாயிற்றே என்ற பதைப்பில், சோதனைக்காக ஒரே ஒரு குவியலை மட்டும் வெட்டி, அதில் கொஞ்சத்தை இரும்பு டிரம்மில் போட்டு மூடி, குழாய் வைத்து, குழாயின் மறுமுனையைக் கரித்தூள் நிரப்பிய பானைக்குள் இறக்கி, கீழே விறகை மூட்டிவிட்டேன். குற்றாலத்துச் சாரல் இங்கே மண்ணை எப்படி ஊற வைக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சூடெல்லாம் ஈரத்துக்கே போய்விட்டது. வெப்பமானி நூறைத் தாண்ட மறுத்தது. மூடி மட்டும் தடதடவென்று அடித்துக்கொண்டது. வேலிக்கு மேல் வெள்ளையாக ஆவி எழுந்தது.

வேர்வைக்குப் பயந்து சட்டையைக் கழற்றியிருந்தேன். ஆவிக்குப் பயந்து உலகம்மையின் சிவப்புத் துணியால் வாயைக் கட்டியிருந்தேன். வெப்பமானியைப் பார்ப்பதற்காக டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாயைக் கட்டிப் பூசை செய்கிற ஊரில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது படித்த எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

"ஏட்டி உலகம்மை, மாடன் சாமி மண்ணுக்குள்ள இருந்து மூச்சு விடுதாரு, நீ அங்கன வெங்காயம் உரிச்சிட்டு இருக்க!" என்று கத்திக்கொண்டு வந்தவள் அடுத்த வீட்டுப் பாலம்மாள். வந்தவள் கும்பிட்டு, வறுக்காமல் மீதியிருந்த குவியலில் இருந்து பிடிமண் எடுத்து, இடுப்பிலிருந்த பேத்தியின் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை நாக்கில் வைக்கவும் போனாள். மாப்பிள்ளை, வாழ்க்கையில் யார் மீதும் கை ஓங்கியறியாத நான் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வாயில் கட்டிய துணியை அவிழ்த்து "விஷம்! விஷம்!" என்று அலறினேன். அதற்குள் வந்துவிட்ட தச்சர் சுடலைக்கண்ணு, "அய்யாவுக்கு அருள் வந்துட்டுலே! விஷக்கடிக்கு இந்த மண்ணுதான் மருந்துன்னு வாக்கு சொல்லுதாரு!" என்று வேலியோரம் கூடிவிட்ட கூட்டத்துக்கு விளக்கம் கொடுத்துவிட்டார். நான் அலற அலறக் கூட்டம் குலவை போட்டது. நல்லவேளை, பிள்ளையின் நெற்றியை உலகம்மை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். குவியலில் பாதி முந்தானைகளில் ஏறி எங்கெங்கோ போய்விட்டது.

உண்மையைச் சொன்னால் நம்பவில்லை. ஆகவே மறுநாள் தலை குனிந்தபடி, "சாமி பச்சை மண்ணைத் திருப்பிக் கேக்குது, வறுத்த மண்ணுதான் பிரசாதம்" என்று ஒரு பொய் சொன்னேன். நம்பினார்கள். எடுத்ததைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்; அதைத் தார்ப்பாயால் மூடி வைக்கிறேன். ஆனால் என் டிரம்மில் வெந்ததும் சுத்தமில்லை அல்லவா? எனவே வடகரைத் தோப்பிலிருந்து நல்ல மண் வரவழைத்து, எந்த நஞ்சும் இல்லாத அந்த மண்ணைக் காலையிலிருந்து மாலை வரை வறுத்து ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தாங்கள் கருவிகளோடு வரும்வரை இதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதுவரை ஸ்வாதியின் பாதம் இந்த மண்ணில் படவே கூடாது.

தாங்கள் நீண்ட ஆயுளோடும், என்னைவிட நல்ல நிதானத்தோடும் வாழ இலஞ்சிக் குமாரன் துணை நிற்கட்டும்.

அன்புள்ள மாமனார்,
நம்பிராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மாடன் மண்ணின் செய்தி வாட்ஸ்அப்பில் ஓசூர் வரை போயிருக்கிறது. உங்கள் தாயாரே ஸ்வாதியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஸ்வாதி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புறவாசலுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். வறுத்த மண்ணை நீட்டினேன். உங்கள் தாயார் வாங்கவில்லை. "சூடு காட்டுனா உள்ள இருக்கதெல்லாம் ஆவியாப் போயிரும்னு எம் மவனே சொல்லுவான் அண்ணாச்சி. அந்தத் தார்ப்பாயைத் தூக்குங்க, எங்களுக்குப் பச்சை மண்ணாவே குடுங்க" என்று கூடையோடு நிற்கிறார்கள்.