கில்ட்டு லைன்மேன்

கோயமுத்தூர் ஜில்லாவில் வேட்டியும் கட்டாமல், பேண்ட்டும் போடாமல், ஆனால் மற்ற எல்லோரையும்விட ஒழுங்காக உடுத்திக்கொண்டு நடமாடிய ஒரே ஆண்பிள்ளை எங்கள் கில்ட்டு லைன்மேன்தான். இதை யாராவது மறுத்தால், அவர் தொண்ணூறுகளில் துடியலூர்ப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம்.

நான் அப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். துடியலூரில் ஒரு காம்பவுண்டில் மாடி அறை கிடைத்தது. கீழ்வீட்டில் லைன்மேனும் அவர் மனைவியும். குடிவந்த மறுநாள் காலையில் குழாயடியில் அவரைப் பின்பக்கமாகத்தான் முதலில் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் மடிப்பு மடிப்பாக, சிவப்பும் பச்சையுமாய்க் கட்டம் போட்ட பாவாடை. யாரோ கான்வென்ட் பிள்ளை, வயசுக்கு மீறி வளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றேன். திரும்பினால் மீசை இருந்தது. சாதாரண மீசை இல்லை. காவல் தெய்வத்துக்கு வைக்கிற அளவு மீசை.

"மாடிக்கு வந்தவருங்களா? நீங்க புடிச்சுக்குங்க. எனக்கு அவசரமில்லைங்க" என்று குடத்தை நகர்த்திக்கொண்டார். நான் தண்ணீர் பிடித்தேன். குடம் நிரம்பி வழிந்தது எனக்குத் தெரியவில்லை. அவரே குழாயை நிறுத்திவிட்டு, "கேளுங்க, சங்கடப்படாதீங்க. எல்லாரும் கேக்கறதுதானுங்க" என்றார்.

கேட்டேன். அன்று மில்லுக்கு லேட்.

அவர் சொன்ன கதை இது. டெலிபோன் ஆபீசில் அவர் லைன்மேன். ஒரு மழைக்காலத்தில் கம்பத்தின் மேலிருந்து விழுந்துவிட்டார். இடது கால் எலும்பு பல துண்டாகி, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். கால் பிழைத்தது, முழங்கால் மடங்காமல் போயிற்று. மடங்காத காலை பேண்ட்டுக்குள் விட இரண்டு ஆள் வேண்டும். விட்டாலும், கெண்டைக்காலில் ஒட்டுப்போட்ட தோலில் துணி உரசி ரணமாகிவிடும். சரி, வேட்டி கட்டலாமென்றால் அப்போது இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை. "வேட்டி அவுந்தா எந்தக் கையில புடிக்கறதுங்க? கட்டையை உட்டா நான் உழுந்துருவேன். வேட்டியை உட்டா மானம் போயிரும்" என்றார்.

அந்த நிலையில்தான் அவர்கள் சர்ச்சுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய துணிப் பெட்டி வந்தது. ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லி எப்போதாவது அப்படி வருமாம். ஸ்வெட்டர், கோட் எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கம்பளியில் கனமாக ஒரு கட்டம் போட்ட வஸ்து மட்டும் மிஞ்சியது. மேசைவிரிப்பு என்றார் பாதிரியாரின் மனைவி. அப்படியானால் மேசைக்கு எதற்கு தோல் பெல்ட்டும் பக்கிளும் என்று இன்னொரு அம்மாள் கேட்டாள். பாதிரியார்தான் பிரித்துப் பார்த்து, ஸ்காட்லாந்து தேசத்தில் ஆண்பிள்ளைகள் கட்டுகிற உடை இது, பெயர் கில்ட் என்று தீர்ப்புச் சொன்னார். லைன்மேன் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தார். பக்கிள் போட்டால் இடுப்பை விட்டு அசையவில்லை. இரண்டு கையும் கட்டைக்கு மிச்சம். அன்றைக்குத்தான் வாசல்வரை பயமில்லாமல் நடந்தாராம்.

கட்டைகள் போய்விட்டன. கில்ட் போகவில்லை.

ஆனால் சித்திரை மாசத்துக் கோயமுத்தூரில் கம்பளி கட்டிக்கொண்டு எத்தனை நாள் சொறிந்துகொண்டிருப்பது? கட்டம் போட்ட சென்னிமலைப் பருத்திப் போர்வை இரண்டு வாங்கிக்கொண்டு தையற்கடைக்குப் போனார். அந்த டெய்லர் பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பதில் பேர்போனவர். மாதிரியைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "மடிப்பு நல்லா வந்துருமுங்க. பாப்பா எந்த ஸ்கூலுங்க?" என்றார்.

"பாப்பா நான்தானுங்க. அளவு எடுங்க" என்றார் லைன்மேன்.

கில்ட் என்கிற சொல்லும் எங்கள் ஊரில் சும்மா இருக்கவில்லை. நமக்குத் தெரிந்த கில்ட்டு கவரிங் நகைதானே? கில்ட்டுக்காரர் வீடு எது என்று யாரோ கேட்டு, யாரோ கைகாட்டி, புதிதாகக் குடிவந்த பெண்கள் வளையலும் தோடும் விசாரித்துக்கொண்டு காம்பவுண்டுக்குள் வந்துவிடுவார்கள். அவர் உள்ளிருந்து வெளியே வருவார். வந்தவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து போய்விடுவார்கள். கடைசியில் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிட்ட அந்த மகராசி, இங்கே நகை விற்பதில்லை என்று வாசலிலேயே நின்று சொல்லவேண்டியதாயிற்று.

எனக்கு வியப்பு என்னவென்றால், எங்கள் தெருவில் பாதிப் பேர் வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டிக்கொண்டுதான் டீக்கடையில் நின்றார்கள். அதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. முழங்காலை மூடிய இவரைத்தான் ரோடே திரும்பிப் பார்த்தது. டவுன் பஸ்ஸில் ஒருமுறை படியருகே நெரிசலில் நின்றிருந்தார். கண்டக்டருக்குக் கூட்டத்தின் இடுக்கில் கட்டம் மட்டும் தெரிந்திருக்கிறது. "அம்மணி, முன்னால போ கண்ணு, இங்க நிக்காதே" என்று பரிவோடு சொன்னார். மீசை திரும்பியது. "போறேனுங்க, வழி உடச் சொல்லுங்க" என்றது. கண்டக்டர் அடுத்த ஸ்டாப் வரும் முன்பே விசில் ஊதிவிட்டார்.

கேலி செய்கிறவர்களிடம் அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. கோபத்தைவிடக் கடுமையான தண்டனை ஒன்று வைத்திருந்தார். கேட்டவனுக்கு முழுசாகப் பதில் சொல்வார். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மைனர், கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "ஏனுங்க, இது என்ன வேசமுங்க?" என்று கேட்டான். லைன்மேன் அவன் தோளில் கை வைத்து, கம்பத்திலிருந்து ஆரம்பித்தார். மழை, வழுக்கல், ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, கம்பியின் நீளம் எல்லாம் வந்தது. கூட்டாளிகள் ஏறிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போயிற்று. துணிப் பெட்டி வந்த கட்டத்தில் அந்தப் பையன் டீ வாங்கிக் கொடுத்தான். டெய்லர் கட்டம் வந்தபோது அவனே சிரித்துவிட்டு, நமக்கும் ஒன்று தைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிற மாதிரி துணியைத் தொட்டுப் பார்த்தான்.

எல்லோர் மனசிலும் இருந்து யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதற்கும் அவரிடம் பதில் தயார். பஸ்ஸில் பக்கத்தில் பெண்கள் நெளிவது தெரிந்தால், "உள்ளே காக்கி டவுசர் போட்டிருக்கேனுங்க, கவலைப்படாதீங்க" என்று தானாகவே அறிவித்துவிடுவார். அதன் பிறகுதான் அவர்கள் நிஜமாகவே நெளிவார்கள்.

ஆபீசில் அவரைக் கம்பம் ஏறவிடாமல் புகார் வாங்குகிற இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருவருக்கு கில்ட்டைக் கண்டதும் ரத்தம் கொதித்துவிட்டது. ஆனால் மடங்காத காலோடு வாதாட அவருக்கும் மனசில்லை. உயரமான மேசைக்குப் பின்னால் போட்டுவிட்டார். இடுப்புக்கு மேலே வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, பார்க்க பேங்க் மேனேஜர் மாதிரி இருப்பார். போன் செத்துப்போய்ப் பல வாரமான ஆத்திரத்தில் ஜனங்கள் வந்து கத்துவார்கள். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே விசாரித்து வருகிறேன் என்று எழுந்து மேசையைச் சுற்றி வெளியே வருவார். கத்திக்கொண்டிருந்தவர்கள் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்கள். எதற்கு வந்தோம், என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று ஒன்றும் ஞாபகம் இராது. கொஞ்ச நாளில் அதிகாரியே மேசையை அப்புறப்படுத்தி, அவரை வாசலுக்கு நேராக உட்கார வைத்துவிட்டார்.

இப்படியெல்லாம் யாருக்கும் பதில் சொல்லத் தெரிந்த மனுஷர், ஒரே ஒருவர் முன்னால் வாயடைத்து நின்றதையும் பார்த்தேன்.

அக்காவின் அண்ணன் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூட வாத்தியார். மகள் கலியாணத்துக்கு அழைப்பு வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நானும் அன்று கீழ்வீட்டில்தான் சாப்பாடு. வாத்தியார் கத்தி மாதிரி மடிப்பு வைத்த பேண்ட்டில் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் லைன்மேனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"மாப்பிள்ளை, நம்ம அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவங்க வயல்ல முழங்காலுக்கு மேல துணியோட நின்னவங்க. கீழ எறக்கிக் கட்டுனா ஏன்னு கேட்ட காலம் அது. நான் முதல் நாள் பேண்ட் போட்டுட்டு வேலைக்குப் போறப்ப எங்கப்பன் ஊட்டுக்குள்ள போயி அழுதாரு. அந்த ஊருலதான் கலியாணம். எல்லாரும் வருவாங்க. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேட்டி கட்டிட்டு வாங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

கம்பத்தில் ஆரம்பிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "செரிங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான். அக்கா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

கலியாணத்தன்று நானும் கூடப் போனேன். அக்கா ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். லைன்மேன் புது எட்டு முழ வேட்டியில் வந்தார். பஸ்ஸில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிவிட்டார். வழிநெடுக நெல்லும் வாழையுமாக ஊர் பச்சையாக ஓடியது. கோபி நெருங்கும்போது லைன்மேன் என் பக்கம் சாய்ந்து, "ஒருத்தருமே ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம்.

சர்ச் வாசலில் வாத்தியார் கைகூப்பி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். படிகள் கொஞ்சம் உயரம். ஒரு கையில் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லைன்மேன் ஏறினார். மடங்காத காலைப் பக்கவாட்டில் வீசித்தான் அவர் படி ஏற முடியும். வீசிய கால் வேட்டிக்குள் சிக்கிக்கொண்டது. பிடித்துக்கொள்ள கைப்பிடி இல்லை. வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அப்படியே முகங்குப்புற விழுந்தார்.

பெரிய அடி ஒன்றும் இல்லை. உள்ளங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். யாரோ ஒரு பெண்மணி உச்சுக்கொட்டினாள். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வாத்தியார் ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னிடம் கை நீட்டி, "தம்பி, அந்தப் பையைக் குடுங்க" என்றாள்.

வழியில் சாப்பிடப் பலகாரம் என்று நினைத்துத்தான் அதுவரை சுமந்துகொண்டிருந்தேன். பையோடு அவரையும் கூட்டிக்கொண்டு, பாதிரியார் அங்கி மாட்டுகிற பக்கத்து அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது அவர் கில்ட்டில் இருந்தார். கருநீலத்தில் மஞ்சள் கோடு போட்டது, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்தது. ஒவ்வொரு மடிப்பும் தேய்த்து நிமிர்ந்து நின்றது. முதல் நாளே தேய்த்திருக்கிறாள்.

"அண்ணா, உங்க மருவாதிக்காக ஒருக்கா உழுந்துட்டாரு. போதும். இனி அவரு நடந்து வரட்டும்" என்றாள்.

 வாத்தியாரின் பார்வை கீழே போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டிருந்தபோது பார்த்ததோடு சரி, அதன் பிறகு கில்ட்டைத்தான் பார்த்தாரே தவிர அந்தக் காலை அவர் உற்றுப் பார்த்ததே இல்லையாம். முன் எலும்பு குழிந்து, தோல் மெழுகு மாதிரி இழுத்துக்கொண்டு இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"மழை வந்தா மட்டுமுங்க மச்சான்."

வாத்தியார் லைன்மேனின் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டார். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தங்கை, நடுவில் கில்ட். நடுப்பாதை வழியாக மூன்று பேரும் முன்வரிசைவரை நடந்தார்கள். பாடகர் குழு ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியைப் பாடியது. கலியாணப் பெண் முக்காட்டுக்குள் சிரித்தாள்.

பிரியாணிப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரப் போட்டி. அவர் கம்பத்தில் தொடங்கி டெய்லரில் முடிப்பதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நின்று கால்மாற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசையில் ஒருவர் பாவாடை என்று ஏதோ சொல்லிச் சிரித்தார். வாத்தியார் பரிமாறிக்கொண்டிருந்த தயிர்ப்பச்சடி வாளியைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பறைக் குரலில், "அதுக்குப் பேரு கில்ட். வேணும்னா எழுத்துக்கூட்டிச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" என்றார். அதற்கப்புறம் அந்த வரிசையில் எலும்பு கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வருஷம் எனக்கு மெட்ராசில் வேலை கிடைத்தது. வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் ரயிலடிவரை வந்தார். என் பெட்டிகளில் ஒன்றை அவரே சுமந்தார். பிளாட்பாரத்தில் போர்ட்டர்கள் பார்த்தார்கள். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த குடும்பம் ஒன்று கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தது. அவர் என் ஜன்னலோரம் வந்து நின்று, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். மெட்ராஸ் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். அக்கா கொடுத்தனுப்பிய புளிசாதத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, வண்டி நகர்ந்ததும் மடங்காத காலை வீசிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார்.

எதிர்சீட்டுக்காரர் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். பிளாட்பாரம் முடிந்த பிறகுதான் முகத்தைத் திருப்பினார்.

"யாருங்க அவரு? நாடகக்காரருங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. எங்க அண்ணன்" என்றேன்.