ஆமென் அண்ணையின் கதிரை

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் தலை என்று ஒன்று இருக்கிற எந்த ஆம்பிளையும் ஆமென் அண்ணைக்கு முன்னால் குனியாமல் தப்பியதில்லை. கப்பல் கப்டன் குனிந்திருக்கிறார். மூட்டை தூக்குகிறவர் குனிந்திருக்கிறார். வரி கேட்டு வந்த உத்தியோகத்தர் வந்த விஷயத்தை மறந்துவிட்டுக் குனிந்திருக்கிறார். நான் அவருடைய கடைக்கு எதிரே இருந்த கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளாக்கர். என் தலை அங்கே குனிந்த அளவுக்கு முதலாளிக்கு முன்னால்கூடக் குனிந்ததில்லை.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. எங்கள் சபையின் மதிலோடு ஒட்டிய சின்னக் கடையில் சலூன் வைத்திருந்தார். ஒரேயொரு சுழல் கதிரை, கரை கறுத்த கண்ணாடி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வாங்கு. நீங்கள் கதிரையில் ஏறியதும் துவாயைப் போர்த்துவார். ஆனால் கத்தரிக்கோலை எடுக்கமாட்டார். இரண்டு கையையும் உங்கள் உச்சந்தலையில் வைத்துக் கண்ணை மூடிவிடுவார். உதடு அசையும், சத்தம் வராது. எல்லாம் முடிந்து துவாயை உதறும்போது மட்டும் இறங்குதுறைவரை கேட்க ஒரு 'ஆமென்' சொல்லுவார். நீங்கள் இறங்கலாம் என்று அர்த்தம்.

தலையில் கை வைத்து ஜெபிப்பது எங்கள் சபையில் போதகருடைய வேலை. அதற்குப் படிப்பு வேண்டும், அங்கி வேண்டும், மேலிடத்து அனுமதி வேண்டும். இது ஆமென் அண்ணைக்குத் தெரியாததல்ல. யாராவது கேட்டால் அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"தலைமயிரையெல்லாம் எண்ணி வைச்சிருக்கிறவர் ஆண்டவர். அதைக் குறைக்கிறவன் நான். அவரிட்ட ஒரு சொல்லுக் கேளாமல் வெட்டலாமோ?"

வேதம் படித்தவர்களும் இதற்குப் பதில் தேடிக்கொண்டே வெட்டுப்பட்டுப் போனார்கள்.

கிண்ணியாவிலிருந்து வெங்காயம் கொண்டுவரும் ஒரு நானா அவருடைய பழைய வாடிக்கையாளர். கிண்ணியாவில் சலூனுக்குப் பஞ்சமா? ஆனாலும் பாலம் தாண்டி இங்கேதான் வருவார். முதல் நாள் உச்சந்தலையில் கை விழுந்ததும் கண்ணாடி வழியாகப் பார்த்து, என்ன அண்ணே ஓதுறீங்க என்று கேட்டாராம். உங்கட யாவாரத்துக்குத்தான் என்றார் அண்ணை. நானா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இன்னுங் கொஞ்சம் ஓதுங்க. வெங்காயம் விலை விழுந்து கிடக்கு" என்று திரும்பவும் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அண்ணை ஆமென் சொன்னால் நானா அதைவிடச் சத்தமாக ஆமீன் சொல்லுவார். வாங்கில் இருக்கும் சைவக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு 'முருகா'வைப் போட்டுவைப்பார்கள்.

சவரத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். கத்தி தொண்டையில் நிற்கும்போதுதான் அண்ணைக்கு உங்கள் ஆத்துமாவைப் பற்றிய கவலை பிறக்கும். எனக்கும் பாலையூற்றில் இருக்கிற என் தம்பிக்கும் ஒரு மதில் விஷயத்தில் சண்டை வந்து, கதைபேச்சில்லாமல் இருந்த காலம். ஒரு நாள் பாதி முகம் வழித்த நிலையில், தம்பியோடு கதைத்தீரா என்று கேட்டார். தலையை ஆட்டினால் கழுத்துப் போய்விடும். ஆட்டாமல் இருந்தால் ஓம் என்று ஆகிவிடும், அது பொய். நான் முழித்த முழியைப் பார்த்துவிட்டுக் கத்தியை மடக்கி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"நீர் கதைச்சிட்டு வாரும். மற்றக் கன்னம் எங்கயும் ஓடிப்போகாது."

ஒரு பக்கம் வழித்தும் மறுபக்கம் நுரையுமாக நான் எப்படி அலுவலகத்துக்குப் போவது? அந்த வாங்கிலேயே இருந்து, பக்கத்தில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க, தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, ஆமென் அண்ணையின் கடையிலிருந்தா எடுக்கிறாய் என்பதுதான். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மதில் இப்போதும் நிற்கிறது. ஆனால் இரண்டு வீட்டாரும் போய்வர அதில் ஒரு படலை வைத்திருக்கிறோம்.

ஒருமுறை கொழும்பிலிருந்து பெரிய பிரசங்கியார் ஒருவர் வந்தார். கூட்டத்துக்கு முன் தலைமயிர் திருத்த வந்தவர், அண்ணையின் கை உச்சியில் விழுந்ததும் உருகிப்போனார். இப்படி ஒரு வரம் உள்ள மனிதன் சவரக்கத்தியோடு காலத்தை வீணாக்கலாமா, தொழிலை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வாரும் என்று அழைத்தார். வேறு யாராவது என்றால் காலில் விழுந்திருப்பார்கள்.

"முழுநேரமாத்தானே ஐயா நிக்கிறன். காலமை திறந்தா, பொழுதுபட்டுத்தான் பூட்டுறனான். நீங்கள் தலையை நேரா வைச்சிருங்கோ, கிருதா ஒரு பக்கம் ஏறிக் கிடக்கு."

பிரசங்கியார் அன்று மாலை மேடையில் எல்லாவற்றையும் துறந்து வருவதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கிருதா இரண்டும் அளவெடுத்த மாதிரி நின்றன.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் எங்கள் சபைக் கமிற்றி, கடையை விட்டு எழும்பச் சொல்லி அறிவித்தல் கொடுத்தது. கடை சபையின் சொத்து. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஜெப அறை கட்டப் போகிறார்களாம். முன்னின்று நடத்தியவர் செயலாளர் ஐயா. ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். சேட்டும் முகமும் மடிப்புக் கலையாத மனிதர். வெட்டிய மயிர் காற்றில் பறந்து ஆலயத்துக்குள் வருகிறது, கடையில் சினிமாப் பாட்டுப் போகிறது, ஆலய வாசலில் முகத்தில் நுரையோடு ஆட்கள் நிற்பது மரியாதையில்லை என்று காரணங்களை அடுக்கினார்.

காரணம் மயிரும் இல்லை, பாட்டும் இல்லை. அந்தத் தொழில் செய்கிறவனுடைய கை தங்கள் தலைமேல் ஆசீர்வாதமாக விழுவது சில பேருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் இப்போது திறக்கிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

அந்தக் கடை போனால் அண்ணைக்கு வேறு கதியில்லை. டவுனில் வாடகைக்குக் கடை எடுக்க அவரால் ஏலாது. அவரை நம்பியிருந்த துறைமுகத்துக் கூலியாட்கள் ஏசி சலூனுக்குள் காலெடுத்து வைக்கப் போவதும் இல்லை. கமிற்றி இரக்கப்பட்டு அவருக்கு ஒரு வேலை தர முன்வந்தது. ஆலய மணி அடிப்பது, வாங்கு துடைப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சேட்டோடு வாசலில் நிற்பது. இனிமேலாவது கடவுளுடைய வேலையைச் செய்யலாமே என்றார் செயலாளர்.

"அப்ப, இவ்வளவு காலமும் நான் ஆருடைய வேலை ஐயா செய்தனான்?"

அறிவித்தலை அந்த இடத்திலேயே நாலாகக் கிழித்து, சவர நுரை துடைக்கிற கடதாசிகளோடு சேர்த்து வைத்தார். அதன் முதல் துண்டில் துடைக்கப்பட்டது என்னுடைய நுரை. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

கமிற்றிக்காரர்கள் வெட்கமில்லாமல் தொடர்ந்து வந்து தலையைக் கொடுத்தார்கள். அவரும் வழமையைவிட நீளமாக ஜெபித்து வெட்டி அனுப்பினார். செயலாளர் மட்டும் வீம்புக்கு டவுனுக்குப் போனார். அங்கே இருந்த பொடியன் அவருடைய இரண்டு பக்கத்தையும் ஒட்ட வழித்து, நடுவில் மட்டும் நிமிர்த்தி விட்டிருந்தான். அடுத்த திருவிருந்தில் ஒரு சேவல் வந்து முழங்காலில் நின்றது. சிரிப்பை அடக்க நான் பாட்டுப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் கூடியது. கடையை எடுப்பதா விடுவதா என்று வாக்கெடுப்பு. எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். புதிதாக வந்திருந்த இளம் போதகர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் அண்ணை கடைசி வாங்கில் இருந்து எழும்பினார். பிரசங்கம் வேண்டாம் என்றார் செயலாளர். பிரசங்கம் இல்லை, ஒரு கேள்விதான் என்றார் இவர்.

"என்ர கை படாத தலை இந்தச் சபையில ஆருக்கு இருக்கோ, அவை கையை உயர்த்துங்கோ. அவை என்னைப் போகச் சொல்லட்டும். நான் போறன்."

ஆண்கள் பக்கம் ஒரு கையும் எழும்பவில்லை. செயலாளர்கூடத் தன் கையைப் பாதிவரை கொண்டுபோய், பழைய காலம் ஞாபகம் வந்து, கொண்டையைத் தடவிவிட்டு இறக்கினார். நான் மனதுக்குள் துள்ளிக்கொண்டிருந்தபோதுதான் விபரீதம் விளங்கியது. மனுசன் ஆண்களை மட்டும் நினைத்துக் கேட்டுவிட்டார். பெண்கள் அந்தக் கடைப் படியே மிதித்ததில்லை. ஆலயத்துக்குள் பொய் சொல்ல முடியுமா? ஒவ்வொருவராகக் கையை உயர்த்தினார்கள். என் மனைவியும் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டே உயர்த்தினாள். எங்கள் சபையில் பாதிக்கு மேல் பெண்கள்.

செயலாளரின் முகம் மலர்ந்தது. பெண்கள் பக்கம் போய் எண்ணத் தொடங்கினார். முன்வாங்கில் தன் மனைவியிடம் வந்ததும் எண்ணிக்கை நின்றது. அந்த அம்மாவின் இரண்டு கையும் மடியில் கிடந்தன. இவர் புருவத்தை உயர்த்தினார். நாடியை உயர்த்தினார். அம்மா எதையும் உயர்த்தவில்லை.

"இஞ்சேரும், கையைத் தூக்கும்."

அப்போதுதான் ஆமென் அண்ணைக்கு ஏதோ ஞாபகம் வந்தது. பதறிப்போய் வாங்குகளைத் தாண்டி முன்னுக்கு வந்தார். "அம்மா, தூக்குங்கோ. ஒண்டும் சொல்ல வேண்டாம், நீங்கள் தூக்கிவிடுங்கோ" என்று கெஞ்சினார். அந்தக் கையும் உயர்ந்தால் தன் கடை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கெஞ்சினார்.

அம்மா எழும்பி நின்றார். சில வருஷங்களுக்கு முன் அவருக்கு ஒரு பொல்லாத வருத்தம் வந்து, கொழும்பில் வைத்தியம் நடந்தது. என்ன வருத்தம் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பெயர் சொல்லமாட்டோம்.

"கொழும்பில மருந்து ஏத்திட்டு வீட்டுக்கு வந்தாப் பிறகு தலைமயிர் கொத்துக் கொத்தாக் கொட்டினது. இவர் வேலைக்குப் போன நேரம் நான்தான் அண்ணைக்கு ஆளனுப்பினனான். வந்தவர் முதல் வேலையா என்ர கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சவர். பிறகுதான் மழிச்சவர். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு கேட்டனான், இண்டைவரைக்கும் சொல்லேல்லை." பிறகு சபையின் பக்கம் திரும்பினார். "நீங்கள் எல்லாரும் எனக்காக ஜெபிச்சனீங்கள், இல்லையெண்டு சொல்லேல்லை. தூர நிண்டு ஜெபிச்சனீங்கள். என்ர மொட்டைத் தலையில கை வைச்சது இந்த அண்ணை ஒராள்தான்."

பெண்கள் பக்கம் உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மொட்டைத் தலையோடு இருந்த மனைவியை நிமிர்ந்து பார்க்கவே அந்த நாட்களில் தன்னால் முடியவில்லை என்று பிறகு ஒருநாள் செயலாளரே என்னிடம் சொன்னார். அன்று அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பெண்கள் பக்கத்தில், மனைவிக்குப் பக்கத்தில், அந்த முன்வாங்கிலேயே இருந்துவிட்டார். எங்கள் ஆலயத்தில் அதற்கு முன் எந்த ஆம்பிளையும் அப்படி இருந்ததில்லை. இளம் போதகர் கடைசியாகத் தலையை நிமிர்த்தி, கடை இருக்கட்டும் என்றார். எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லை.

அந்தக் கிழமையே செயலாளர் கடைக்கு வந்தார். கதிரை காலியாகிறதா என்று வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அண்ணை திரும்பியும் பார்க்கவில்லை. "முன்னுக்கு ஆக்கள் இருக்கினம் ஐயா. வாங்கில இருங்கோ." செயலாளர் இரண்டு கூலியாட்களுக்கு நடுவில் ஒடுங்கி இருந்தார். அவருடைய முறை வந்ததும் அந்தச் சேவல் கொண்டையில் கை வைத்து அண்ணை கனநேரம் ஜெபித்தார். அந்தத் தலைக்கு அது தேவைதான் என்று நான் வாங்கில் இருந்து பலத்த குரலில் சொன்னேன். செயலாளரே ஓம் என்றார்.

நான் வேலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டேன். தலையும் ஓய்வெடுத்துவிட்டது, வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போய்விடுவேன். போன தரம் கதிரையில் ஏறியதும் அண்ணை என் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில என்னத்தையப்பா வெட்ட?" என்றார். ஒன்றும் வேண்டாம், கையை மட்டும் வையுங்கோ என்றேன். வைத்தார். அவரும் இப்போதெல்லாம் கதிரையில் சாய்ந்துதான் நிற்கிறார். அவர் எனக்காக என்ன கேட்டாரோ தெரியாது; இந்த மனுசனை இன்னும் கனகாலம் எங்களுக்கு விட்டுவையும் என்று துவாய்க்குள் கைகூப்பி நானும் கேட்டுக்கொண்டேன்.