இரண்டு விரல் பலம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். உன் காரும் நலம். மூன்றாவது வாக்கியத்தைத் தனியாக எழுதவேண்டி வந்ததிலிருந்தே ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகித்திருப்பாய். போனில் சொன்னால் நடுநடுவே "ஐயோ" என்பாய், அதனால்தான் கடிதம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடுத்த சனிக்கிழமை நீ வந்து, உன் மகளையும் அவளுடைய மூட்டை முடிச்சுகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, தாராளமாகக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விடலாம்.

வெளியூர் வேலைக்குப் போகும்போது, "வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுக்கா, போதும்" என்று சாவியைக் கொடுத்தாய். ஓட்டினேன். மூன்று வாரங்களுக்கு முன் என் அலுவலக வாசலில் ஒரே இரவில் ஒரு வேகத்தடை முளைத்திருந்தது. வெள்ளைக்கோடு கிடையாது, பலகை கிடையாது. அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், வேகத்தடையிலிருந்து நான் வந்த வழியெங்கும் கறுப்பாக ஒரு கோடு. வந்து பார்த்த மெக்கானிக், "ஆயில் பான் கிழிஞ்சு போச்சும்மா" என்றார். எஞ்சினுக்கு அடியில் ஆயிலை ஏந்திக்கொண்டிருக்கும் தட்டு அது. காரைக் கட்டி இழுத்து வந்து எங்கள் வீட்டு வாசலில் விட்டார். பட்டறையில் இடம் கிடைக்கப் பத்து நாள் ஆகும் என்றும் சொன்னார். அங்கேதான் உன் அத்தான் நுழைந்தார். "பத்து நாளா? பதினெட்டு போல்ட்டுக்கா?"

உன் அத்தானை உனக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாகக் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். கசிவு அவருக்கு ஜென்ம விரோதி. உலகத்தில் ஒழுகுகிற எதையும் இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் நின்றுவிடும் என்பது அவர் கொள்கை. எங்கள் வீட்டுக் குழாய்களை அவர் இல்லாதபோது திறக்க முடியாது. தேன் பாட்டிலும் அப்படியே. அவர் வெளியூர் போனால் நான் தேன் இல்லாமல் இருந்துவிடுவேன்.

புதுத் தட்டு வந்தது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற தக்கைக் கேஸ்கட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காரை ஜாக்கியில் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, உள்ளே போய்ப் படுத்தார். வெளியே தெரிந்தவை இரண்டு செருப்பும் ஒரு முனகலும். "போதுங்க" என்றேன். "நீ சும்மா இரு. இதெல்லாம் பிரஷர் சமாச்சாரம்" என்றது செருப்பு. மறுநாள் காலை அடியில் விரித்த அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆயில். கேஸ்கட் நாக்கைத் துருத்துவதுபோல் வெளியே பிதுங்கியிருந்தது.

மறு ஞாயிறு இன்னொரு கேஸ்கட். கூடவே ஒரு ட்யூப் பசை. பூசியபின் ஒருநாள் காயவிட வேண்டும் என்று அதன்மேல் அச்சடித்திருந்ததை வாசித்துக் காட்டினேன். "அது தெரியாதவங்களுக்கு எழுதுனது" என்று அப்போதே ஆயிலை ஊற்றினார். இந்த முறை காலை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

நான் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தேன். "சார், அது தண்ணிக் குழாய் இல்ல சார். நீங்க முறுக்குன முறுக்குல கேஸ்கட் நசுங்கியிருக்கும், தட்டு விளிம்பும் வளைஞ்சிருக்கும். ரெண்டு விரல் பலம் போதும்." உன் அத்தான் அன்று மாலை முழுக்கச் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

மூன்றாவது முறை நான் படுத்தேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், முதுகலைப் பட்டத்துடன், காருக்கு அடியில். வளைந்த விளிம்பைப் பலகையில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்கினேன். பழைய கேஸ்கட்டின் துணுக்குகளைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, பசை பூசிப் புதுக் கேஸ்கட்டை வைத்தேன். பதினெட்டு போல்ட்டையும் கையாலேயே பொருத்தி, பிறகு ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் ஒன்றாக, இரண்டே விரல் பலத்தில் இறுக்கினேன். "அவ்வளவுதானா? சொட்டும்" என்றார் அத்தான், வெளியே நின்றபடி. ஒருநாள் முழுதும் காயவிட்டுத்தான் ஆயில் ஊற்றினேன். தினமும் எஞ்சினை ஓடவிட்டு, தேதி எழுதிய புது அட்டை ஒன்றை அடியில் வைத்தேன். ஐந்து நாள், ஐந்து அட்டை. ஒன்றிலும் ஒரு பொட்டு இல்லை. ஐந்தையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். சில மனிதர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதில்லை. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

ஆகவே கவலைப்படாமல் வா. பெண் நன்றாகப் படிக்கட்டும், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. அத்தான் எல்லோரையும் விசாரித்தார், செய்தித்தாளை இறக்காமல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அடியில் போய்ப் பார்த்தேன். சொட்டே இல்லை. அதுதான் உறுத்தியது. ஐந்து நாளாக ஒரு பொட்டுகூட இல்லாமல் இருக்குமா? பின்பக்க மூலையில் இருந்த போல்ட் மட்டும் கொஞ்சம் இளக்கம்போலப் பட்டது. கால் சுற்றுதான் முறுக்கினேன். 'டக்' என்றது. போல்ட்டின் தலை என் கையில் இருக்கிறது. மீதி எஞ்சினுக்குள் இருக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டேன், பத்து நாள் ஆகுமாம். உன் அத்தான் குனிந்து பார்த்தார். "ரெண்டு விரல்தானே?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே போய், தேன் பாட்டிலைத் திறந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமைக்கு ரயிலில் டிக்கெட் எடுத்துவிடு.