கட்டை மாமா கை தூக்கிய பிறகு

உலகத்தில் எந்தச் சக்கரத்தையும் நம்பாமல் வாழ்ந்த ஒரே மனிதர் கட்டை மாமாதான். எழுபதுகளில் நான் டம்டம் விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனியின் குமாஸ்தா. விமானம் வந்து நின்றதும் அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது அவர் வேலை. இறக்கையில் இருக்கும் விசிறிகள் நின்று, கட்டை வைத்து, அவர் வலது கையைத் தூக்கினால்தான் யாரும் கிட்டே போகலாம். மேனேஜருக்கும் அதே சட்டம்தான்.

"அதான் பிரேக் போட்டிருக்கே மாமா" என்றால், "அதுல இருக்கற பிரஷர் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். கட்டைக்கு அந்த வியாதி கிடையாது" என்பார்.

இது வேலையோடு நின்றிருந்தால் தேவலை. தோளில் தொங்கும் துணிப்பையில் எப்போதும் இரண்டு சின்ன மரக்கட்டைகள் இருக்கும். லேக் கார்டன்ஸில் எங்கள் தெருதான் அவருக்கும். கடைக்குப் போன இடத்தில் டாக்சி நின்றால், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் மாமியை இறங்கச் சொல்வார். பெஹாலாவில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காருக்கே வைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். கார் உறுமியது, நகரவில்லை. பெண்ணின் அம்மா மூன்று தடவை அழுது வழியனுப்ப வேண்டியதாயிற்று. மாமா பாயசத்தை முடித்துவிட்டு நிதானமாக வந்து கட்டையை எடுத்தார்.

நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான்.

ஒரு பூஜா பண்டிகைச் சமயம், விமானம் தாமதம். மேனேஜர் கத்திய கத்தலில் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு, புதுச் சட்டையோடு விமானத்தை நோக்கி ஓடினேன். வேகமாகச் சுற்றும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. மாமா பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். சட்டை முதுகு வரை கிழிந்தது. கன்னத்தில் ஓர் அறையும் விழுந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள்.

உயிர் பிழைத்தது எனக்கு உறைக்கவில்லை. மானம் போனதுதான் உறைத்தது. அன்றே புகார் எழுதினேன். மாமாவின் நிஜப் பெயரை நான் முதன்முதலாக எழுதியது அதில்தான். அவரை ஸ்டோர் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. விமானங்களின் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார். "புகார்ல கையெழுத்து உன்னோடதாடா?"

"ஆமா மாமா."

என் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்துப் போடக் கை இருக்கே. போறும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புகாரை வாபஸ் வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். வெட்கம் விடவில்லை. ஒன்றரை வருஷம் அப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் அந்த ஸ்டோர் அறையிலேயே மாமா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

காளிகாட் பக்கத்துச் சுடுகாட்டு வாசலில் வண்டி நின்றது. இறக்குவதற்கு நாலு பேர் முன்னால் வந்தார்கள். "இருங்கோ" என்றேன். ஆணியில் மாட்டியிருந்த அவர் பையை மாமியிடம் கேட்டு எடுத்து வந்திருந்தேன். குனிந்து, சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்தேன்.

"பிரேக் தோ தேவா ஆச்சே, தாதா" என்றான் டிரைவர். பிரேக் போட்டுத்தான் இருக்கிறதாம்.

எனக்குத் தெரியும். நிமிர்ந்து நின்று, மாமா செய்வதைப் போலவே வலது கையைத் தூக்கினேன். அவர் காப்பாற்றிக் கொடுத்த கை அது.