லவுஞ்சுக்குள் போக ஆறு வழி

இந்தியாவில் எந்த ஊர் விமான நிலைய லவுஞ்சில் சாம்பார் சாம்பாராக இருக்கும், எந்த ஊரில் பாயசம் மாதிரி இனிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் மந்திரி இல்லை, தொழிலதிபர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பாக்கிங் மெஷின் செய்யும் எங்கள் பழைய கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர்.

லவுஞ்சு என்றால், விமானத்துக்குக் காத்திருப்பவர்களில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள் மட்டும் உள்ளே போய், மெத்தென்ற சோபாவில் உட்கார்ந்து, வேண்டிய மட்டும் சாப்பிடும் கண்ணாடி அறை. அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கேட் செக்யூரிட்டி கேலியாக 'லவுஞ்சு சார்' என்று ஆரம்பித்து வைத்தார். அது வாய்க்கு வாய் தேய்ந்து 'லவுஞ்சார்' ஆகிவிட்டது.

அவர் ஆவடியில் பிறந்து திருநின்றவூரில் வீடு கட்டியவர். நான் கோவில்பட்டியிலிருந்து வந்து அம்பத்தூரில் வாடகை ஃப்ளாட்டில் ஒண்டியவன். இருவரும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மெஷினை விற்பேன், அது நின்றதும் அவர் போய் ஓடவைப்பார். ஒரே பாவத்தை ஆளுக்குப் பாதியாகச் செய்துகொண்டிருந்ததால் சிநேகிதம் கெட்டியாகிவிட்டது.

முதல் முறை விமானம் ஏறப் போனபோதுதான் அவருக்கு இந்த ஞானம் கிட்டியது.

"பசி மாமே. வெளிய ஒரு தோசை இன்னா வெலை தெரியுமா? அந்த வெலைக்கு எங்க ஊட்டாண்ட தோசைக்கல்லையே குடுத்துடுவான்!"

பக்கத்து நாற்காலிக்காரர் இரக்கப்பட்டு, "சம்பள அக்கவுண்ட் கார்டு இருக்கா? அந்த ரூம்ல போய்க் காட்டுங்க, சாப்பாடு தருவாங்க" என்றாராம். போனில் ஓ.டி.பி. கேட்கும் கும்பல் இப்போது நேரிலேயே வந்துவிட்டது என்று நினைத்து லவுஞ்சார் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பசி வென்றது. வாசலில் இருந்த பெண் கார்டைத் தேய்த்தாள், இரண்டே இரண்டு ரூபாய் எடுத்துக்கொண்டாள், "வெல்கம் சார்" என்றாள்.

"பொறந்ததுலேர்ந்து என்னை ஒருத்தரும் வெல்கம்னு சொன்னதில்ல மாமே. என் கல்யாணத்துலகூட சொல்லல."

அன்றிலிருந்து அவருக்கு அதுவே மதம் ஆகிவிட்டது. கேன்டீனில் எவனாவது அடுத்த வாரம் டூர் என்று வாயைத் திறந்தால் போதும், சாம்பார் சாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உபதேசம் ஆரம்பமாகும்.

"தோ பாரு. உள்ள போறதுக்கு ஆறு வழி கீது. ஒண்ணு, கார்டு. ரெண்டு, பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டு, அது நமக்கு ஆவாது. மூணு, ஒரே கம்பெனி ப்ளேன்லயே ஏறி ஏறி எறங்கினா அவனே தங்கக் கலர்ல ஒரு கார்டு குடுப்பான். நாலு, வருசத்துக்கு சந்தா கட்டி மெம்பர் ஆவறது. அஞ்சு, வாசல்ல துட்டு குடுத்துப் போறது."

"ஆறாவது?"

"ஒசந்த கார்டு வச்சிகினு கீறவன் கூட கெஸ்டா போறது. அதுக்கு மொதல்ல அந்த மாரி ஒரு ஃப்ரெண்டு வோணும்."

பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஏழு கார்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் மருந்துக்கடை பிளாஸ்திரி. அதில் பேனாவால் 'மூணு மாசத்துக்கு ரெண்டு', 'டெல்லியில் செல்லாது', 'சிரிச்சாதான் உடுவான்' என்று குறிப்புகள். கடைசி வகை எந்த பாங்க் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

ஒருமுறை இருவரும் புனே போக வேண்டியிருந்தது. மதியம் இரண்டு மணி விமானம். காலை ஒன்பதுக்கே என்னை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார். முந்தின நாளே கட்டளை வந்திருந்தது: "காலையில ஊட்டுல எதையும் துன்னுட்டு வராதே. வயிறு காலியா கீணும்."

உள்ளே போனதும் நான் பாய்ந்து பூரியை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"பூரி எங்க போனாலும் கெடைக்கும். மொதல்ல தட்டு எடுக்காம ஒரு ரவுண்டு வா. எது தீந்துகினு கீதுன்னு பாரு. தீர்றதுதான் நல்லா கீறது."

பத்தரைக்கு நான் கிளம்பலாம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரத்துல நாஸ்தாவை எடுப்பான், சோத்தை வைப்பான். அந்த நடுவுல கீற அஞ்சு நிமிசம் கீதே, வடையும் கீது, பிரியாணியும் கீது. அதுக்குத்தான் மாமே வந்துகீறோம்." ஐந்து நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். சோபா வேறு சொகுசாக இருந்தது. லவுஞ்சுக்குள் அறிவிப்பு எதுவும் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிற மனிதர் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். நானும்தான். கடைசியில் கேட்டை மூடுகிற நேரத்தில் ஓடிப்போய் ஏறினோம். புனேயில் இறங்கி அவர் லேப்டாப் பையைத் திறந்தபோது டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஆறு வடை, கீபோர்டு முழுக்கத் தேங்காய்ச் சட்னி. கஸ்டமர் முன்னால் கம்ப்யூட்டர் 'K' என்ற எழுத்தை மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு பாங்குகள் விழித்துக்கொண்டன. மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்தவர்களுக்குத்தான் லவுஞ்சு என்று விதியை மாற்றின. மூன்று நாள் லவுஞ்சார் துக்கம் காத்தார். நான்காம் நாள் வேறு மனிதராக வந்தார். தெருவில் யார் என்ன வாங்கினாலும் இவர் கார்டில் தேய்க்கத் தொடங்கினார். கரண்ட் பில், காலேஜ் ஃபீஸ், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பட்டுப்புடவை. திருநின்றவூர் ஏரிக்கரைத் தெருவில் பாதிப் பேர் துணி துவைக்கிற மெஷின் வாங்கியதற்குக் காரணம், இவருக்கு கொல்கத்தா லவுஞ்சில் ரசகுல்லா சாப்பிட வேண்டியிருந்ததுதான்.

இத்தனைக்கும், நான் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த அவர் மனைவி கஸ்தூரி அக்கா விமானத்தில் ஏறியதே இல்லை. லவுஞ்சார் தன் கணக்கிலேயே அவர் பெயரில் ஒரு துணைக் கார்டு வாங்கி வைத்திருந்தார். தன் பெயர் பொறித்த அந்தக் கார்டை அக்கா ஒரு தடவையும் தேய்த்ததில்லை. பீரோவில் நகைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

"ஒரு நாள் அவளை உள்ள இட்டுகினு போய் உக்கார வைக்கணும் மாமே. அந்தப் பொண்ணு அவளைப் பாத்து வெல்கம் மேடம்னு சொல்லணும். அவ மூஞ்சியை நான் பாக்கணும். அவ்ளோதான்."

நான் அப்புறம் வேலை மாறினேன். பெங்களூர் ரோட்டில், நசரத்பேட்டை தாண்டி, கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கம்பெனி. பதவி பெரியது, கோட்டு கட்டாயம். கம்பெனியே எனக்கு ஒரு கார்டு கொடுத்தது. எந்த லவுஞ்சிலும் நானும், என்னுடன் இரண்டு விருந்தாளிகளும் போகலாம். லவுஞ்சாருக்குத்தான் முதலில் போன் பண்ணிச் சொன்னேன். "ஒசந்த கார்டு மாமே! பத்திரமா வச்சிக்க" என்று குழந்தை பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி சந்தோஷப்பட்டார்.

அதற்கு அடுத்த மாதம் அது நடந்தது.

ஒரு காலை நேரம். நான் லவுஞ்சுக்குள், வாசலை ஒட்டிய கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்து சோபாவில், எங்கள் டைரக்டரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்பூன் தட்டில் படுகிற சத்தத்துக்கே புருவத்தைத் தூக்குகிறவர். எனக்கு அடுத்த பதவியைத் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

வாசல் மேஜைக்கு முன்னால் லவுஞ்சார் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் புதுச் சேலையில், கையில் ஒரு கட்டைப்பையோடு கஸ்தூரி அக்கா. புனேயில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு என்பது தெரியாது.

கதவு திறந்து மூடும்போதெல்லாம் பேச்சு உள்ளே கேட்டது.

"சார், உங்க கார்டு ஓகே. நீங்க போகலாம். மேடமோடது துணைக் கார்டு. இந்த மாசத்துலேருந்து துணைக் கார்டுக்கு லவுஞ்சு கிடையாது, சாரி சார்."

"சரிம்மா, நான் துட்டு குடுத்துடறேன். ஒரு ஆளுக்குதானே?"

"இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி சார். பணம் கட்டி வர்றவங்களை நிறுத்தி வச்சிருக்கோம்."

கார்டு, பணம் எல்லாம் போய் ஒரே ஒரு வழிதான் மிச்சம். அது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

லவுஞ்சார் தலையைத் தூக்கினார். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அவர் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். 'மாமே!' என்று ஹாலே அதிரக் கூப்பிடுவார். டைரக்டருக்குத் தட்டு எடுக்காமல் ஒரு ரவுண்டு வரச் சொல்லித் தருவார். டிஷ்யூவில் வடை சுற்றுவார். நான் குனிந்து போனைப் பார்த்தேன். போன் அணைந்துதான் இருந்தது. கறுப்புத் திரையைத் தள்ளித் தள்ளிப் படிக்கிறவன் போல நடித்தேன்.

"அவர் உங்களைப் பார்க்கிற மாதிரி இருக்கு. தெரிஞ்சவரா?" என்றார் டைரக்டர்.

"இல்ல சார்" என்றேன்.

நிமிர்ந்தபோது வாசல் காலியாக இருந்தது. பிறகு நான் கேட்டுக்குப் போகும் வழியில் தூரத்தில் அவர்களைப் பார்த்தேன். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தை ஒரே டப்பாவிலிருந்து இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேறு பக்கமாகச் சுற்றிப் போனேன்.

அன்று சாயங்காலம் அவரிடமிருந்து வாட்ஸப் வந்தது. 'மாமே, துணைக் கார்டு ரூலை மாத்திட்டான். நீ ஊட்ல யாரையாவது இட்டுகினு போனா மொதல்லயே கேட்டுக்க. வாசல்ல நிக்கறது பேஜாரா கீது.'

வேறு எதுவும் இல்லை. பதிலுக்கு நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் செய்த மட்டமான காரியங்களை வரிசைப்படுத்தினால், 'இல்ல சார்' முதலில் வருமா, அந்தக் கட்டைவிரல் முதலில் வருமா என்று இன்னும் எனக்குக் குழப்பம்தான்.

பதவி கிடைத்தது. எட்டு மாதம் அவருக்குப் போன் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதற்குமேல் தாங்காது என்று மின்சார ரயிலேறித் திருநின்றவூர் போனேன். மனதில் ஒரு திட்டம் இருந்தது. இருவரையும் பெங்களூருக்கு விமானத்தில் கூட்டிப்போய், போகிற வழியில் என் விருந்தாளிகளாக லவுஞ்சில் உட்காரவைப்பது. அதற்கு முன்னால் மெதுவாக, தனியாக மன்னிப்புக் கேட்டுவிடுவது.

மெதுவாகக் கேட்க முடியவில்லை. லவுஞ்சாரின் இடது காதில் கட்டு. ஏதோ சவ்வு கிழிந்து ஆபரேஷன் நடந்திருந்தது.

"அன்னிக்கு ஏர்போர்ட்ல உங்களைப் பார்த்தேன்" என்றேன்.

"இன்னா?"

"ஏர்போர்ட்ல பார்த்தேன்! பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்!"

"சத்தமா சொல்லு மாமே!"

கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். தெருவுக்கே என் பாவம் தெரிந்த பிறகுதான் அவருக்குக் கேட்டது.

"ஓ, அதுவா? நானும்தான் பாத்தேனே" என்றார்.

கஸ்தூரி அக்கா தட்டோடு வெளியே வந்தார். "இவரா அது? கண்ணாடி வழியா காட்டினாரே, 'அதோ கோட்டு போட்டுகினு கீறாரு பாரு, என் ஃப்ரெண்டு'ன்னு. கூப்புடுங்களேன்னு நான்தான் சொன்னேண்ணா. பெரிய ஆளுங்ககூட கீறாரு, கூப்ட்டா அவருக்கு சங்கடம், வான்னு இட்டுகினு போயிட்டாரு."

தட்டில் இட்லி இருந்தது. அதை என் கையில் கொடுத்தார். பிறகு திக்கித் திணறி பெங்களூர் விஷயத்தைச் சொன்னேன். லவுஞ்சார் காதுக் கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"டாக்டரு இனிமே ப்ளேனே ஏறாதேன்னுட்டாரு மாமே. ஆபீஸ்லயும் டேபிள்ள உக்கார வச்சிட்டான்."

"அக்காவாவது வரட்டுமே?"

"அவரு இல்லாம அங்க போய் நான் இன்னாத்துக்குண்ணா இட்லி துன்னணும்?" என்று சிரித்தபடி அக்கா என் தட்டில் இன்னும் இரண்டு வைத்தார். கோபமாக வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் கொச்சியில் இருந்தேன். லவுஞ்சைத் தாண்டிப் போய் கேட் அருகே நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன்.

"எங்க கீற மாமே? லவுஞ்சுலயா? இன்னா வச்சிகீறான்?"

"உள்ளே போகல. வெளிய உட்கார்ந்திருக்கேன்."

"அறிவு கீதா உனக்கு? ஒசந்த கார்டை வச்சிகினு வெளிய உக்காந்துகினு கீறே! அங்க பழம்பொரி சூப்பரா இருக்கும், போ, போய்த் துன்னு."

"பரவாயில்ல லவுஞ்சாரே. நீங்க பேசுங்க."

அவர் பேசினார். பழம்பொரியில் ஆரம்பித்து, பேத்தி நடக்க ஆரம்பித்தது, ஏரியில் தண்ணீர் ஏறியது என்று போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று நிறுத்தினார்.

"யோவ், மைக்குல உன் பேரை ரெண்டு வாட்டி கூப்ட்டுட்டான். கடைசி அறிவிப்பாம். ஓடு, ஓடு!"

கேட் பக்கத்திலேயே இருந்த எனக்கு அது கேட்கவில்லை. திருநின்றவூரில் ஒற்றைக் காதோடு உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டிருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போனை மட்டும் வைக்கவில்லை.